மிளகாய்ச் செடிக்கு நீர் பாய்ச்சுதலும் காய் அழுகலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் காரியதரிசியவர்கள் எம்மைக் காணவந்து, நம் மரபின் பழம்பெருமையைக் குறித்து ஒரு மணி நேரம் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். அதனைப் பேசவல்லார் இச்சபையிலேயே பலர் உளர். நமது பத்திரிகையிலும் அது மாதந்தோறும் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆதலின் யாம் மிளகாயைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினோம். அவர்கள் முதலில் நகைத்தார்கள். பின்னர்த் தம் வீட்டு மாடியில் வைத்த பன்னிரண்டு குடைமிளகாய்ச் செடிகளில் காய்த்தவையெல்லாம் அடியில் கறுத்து வீணானதைச் சொல்லி, "அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார்கள். இவ்விஷயம் அமைந்த வரலாறு இதுவே.

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் என்னும் இப்பக்கத்து ஊர்கள் ஏரிப் பாசனத்தாலும் கிணற்றுப் பாசனத்தாலும் வாழ்ந்தவை என்பதை முதியோர் அறிவர். 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் இராணுவத் தொழிற்சாலைகள் வந்தன. செம்பரம்பாக்கத்து ஏரிநீர் மாநகரத்தின் தாகத்தைத் தணிக்கப் போயிற்று. நன்செய்கள் மனைகளாயின. இதனைக் குறையாகச் சொல்லவந்தோமல்லோம். அத்தொழிற்சாலைகளில் வேலை பார்த்தே நம்மவர் பலர் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். ஆயினும் திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கங்களில் இன்னும் சில குடும்பங்கள் அரைக்காணி, கால்காணி வைத்துக் காய்கறி பயிரிடுகின்றன. நிலமிழந்தோரும் மாடியிற் பைகளை அடுக்கி அதில் நாலு மிளகாய்ச் செடியாவது வைக்கின்றனர். அவ்விரு திறத்தாரையும் முன்னிட்டே யாம் பேசுகின்றோம்.

மிளகாய் நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த அதனைப் போர்ச்சுகீசியர் இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர். நம் முன்னோர் அதன் காரத்தை நாவில் இட்டுப் பார்த்து, தாம் அறிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றனர். உஷ்ண தேசத்துச் செடியாயிற்றே, வெயில் அதனை என்செய்யும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பிழை. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் குளிராதிருக்குமாயின் மிளகாய் பூவை உதிர்த்துவிடும். சென்னையிலோ 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் 45 பாகை வெப்பம் காணப்பட்டது. அக்கினி நட்சத்திரத்தில் பூ உதிர்வதைக் கண்டு உரம் வைப்போர் உளர், அதனாற் பயனில்லை. வெயில் தணிந்தால் பூ தானே நிற்கும். பூவுதிர்தல் ஒரு காலத்து நட்டம். காய் அழுகுதலோ வேறு. அதனைப்பற்றி எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எம் சிற்றப்பாவின் மகன், எமக்குத் தம்பி முறையினர், திருநின்றவூருக்கு மேற்கே அரைக்காணியில் பஜ்ஜி மிளகாய் பயிரிட்டார். கடற்கரையிலும் தெருமுனைகளிலும் மாவில் தோய்த்துப் பொரிப்பார்களே, அந்தப் பருத்த நீண்ட காய். தை மாதத்தில் நாற்று நட்டு, பங்குனியில் காய் கண்டது. சித்திரை பிறந்ததும் காய்களின் கீழ்நுனி வெந்ததுபோல் வெளிறி, பின்பு தோல்போற் சுருங்கிக் கறுக்கத் தொடங்கிற்று. ஒரு கை நிறைய அவற்றைப் பறித்துக்கொண்டு எம்மிடம் வந்தார். யாம் சற்றே படித்தவர் என்பதும், பயிர்நூல்கள் சில வைத்திருக்கின்றோம் என்பதும் அவருக்குத் தெரியும். யாம் அக்காயைத் திருப்பியும் பாராமல், "இது பூஞ்சை நோய், மருந்தடி" என்று சொல்லி அனுப்பினோம். மருந்துக் கடைக்காரரும் அதையே சொன்னார். ஒரு மாதத்தில் மூன்று முறை மருந்து தெளித்தார். அதற்குக் கடனும் பட்டார். அழுகல் ஓர் இம்மியும் குறையவில்லை. மூன்றாவது தெளிப்புக்குப் பின்னர் அச்சம் மிகுந்து, மின்சாரம் வந்தபோதெல்லாம் இரவும் பகலும் நீரை நிரப்பினார். காற்பங்குச் செடிகள் வேரழுகி வாடி மடிந்தன. மறுவருஷமும் அவ்வாறே நிகழ்ந்தது. அதற்கடுத்த வருஷம் அந்நிலம் மனைப்பிரிவாயிற்று.

நிலத்தை விற்றதற்கு மிளகாய் ஒன்றே காரணமென்று யாம் சொல்லோம். விலை கேட்பவர்கள் பல ஆண்டுகளாகவே வாயிலில் நின்றனர். ஆனால், பத்திரம் பதிவதற்கு முன்னாள் இரவு அவர் எம்மிடம், "அண்ணா, இந்த மண்ணுக்கு இனி மிளகாய் பிடிக்காது" என்றார். மண்ணின்மேல் அப்பழி விழ எம் வாக்கே காரணமாயிற்று. அது நோயன்று என்பதை யாம் அறிந்தது அதற்குப் பின்னரே. ஆகையால் இன்று யாம் சொல்வனவற்றை ஓர் அறிஞர் உபதேசமாகக் கொள்ளாமல், தவறிய ஒருவர் கூறும் செய்தியாகவே கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

அக்காய்களுக்கு நேர்ந்தது யாதெனில், சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நுனிக்கு எட்டாமற் போனதே. காயின் உடல் சிறு சிறு அறைகளால் ஆனது. அவ்வறைகளின் சுவரை இறுக்கிக் கட்டும் சாந்து சுண்ணாம்புச் சத்து. இச்சத்து வேரினின்றும் நீரோடு கலந்தே மேலேறும். நீர் ஓடாவிடில் இதுவும் ஓடாது. அன்றியும், ஓரிடத்திற் போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து பெயர்ந்து வேறிடம் செல்வது இதன் இயல்பன்று. இனி, நீர் செல்லும் வழியை நோக்குங்கள். வெயிலில் மிகுதியாக நீரை ஆவியாக்குவது இலை. ஆதலின் நீரோட்டமெல்லாம் இலையை நாடும். காயோ மெழுகுபோன்ற தோலுடையது. அது மிகச் சிறிதே ஆவி விடும். நீர் குறைந்த நாளில் இலை தன் பங்கை எடுத்துக்கொள்ளக் காய் பட்டினி கிடக்கும். காயிலும் கடைசியிற் கிடைப்பது காம்பிற்கு எதிர்ப்பக்கமாகிய, பூ இருந்த நுனிக்கு. காய் விரைந்து பருக்கின்ற முதல் இரண்டு வாரங்களில் இரண்டு மூன்று நாள் இவ்வாறு பட்டினி நேரினும் போதும். நுனியின் அறைகள் இடிந்து போகும். நம் கண்ணுக்குக் கறுப்புத் தெரிவதோ பல நாள் கழித்து. கறுத்த இடத்திற் பின்னர்க் கரும்பூசணம் படரும். யாம் அந்தப் பூசணத்தைக் கண்டு அதனையே மூலகாரணமென்று மயங்கினோம்.

எம் தம்பியாரின் நிலத்தில் நீருக்குக் குறைவில்லை, கிணறு வற்றவில்லை. எனினும் மும்முனை மின்சாரம் வந்த நாளில் வெள்ளம். வராத நாளில் வறட்சி. ஆறு நாள் காய்ந்த மண்ணை ஏழாம் நாள் மூழ்கடித்தால், ஏழு நாட்களுக்கும் நீர் விட்ட கணக்கு ஏட்டில் சரியாயிருக்கும், செடிக்குச் சரியாயிராது. சத்து மண்ணில் இல்லாமையாலன்று, ஓட்டம் அறுபட்டமையாலேயே அந்த அழுகல் வந்தது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகின்றதன்றோ? அப்படிவிற் பெரும்பகுதி சுண்ணாம்பே. அத்தகைய நீரைப் பாய்ச்சும் நிலத்தில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவது கடலில் உப்பைக் கரைப்பது போலாம்.

நிற்க. நீர் குறைவாற் காய் அழுகுகின்றது என்று கேட்டவுடன், "அப்படியாயின் நிறைய விடுவோம்" என்று எண்ணுதல் இயற்கை. எம் தம்பியாரும் அதையே செய்தார். அதிலுள்ள அபாயத்தை எமக்கு விளக்கியவர் பள்ளிக்கூடம் செல்லாத எம் பெரியதாயார். நிலம் கைமாறிய பின்பு ஒருநாள் இப்பேச்சு எழுந்தபோது அவர், "உச்சிப் பொழுதில் செடி தலைசாய்ந்தால் பயப்படாதே அப்பா. கோழி கூவுகிற நேரத்தில் போய்ப் பார். அப்போதும் சாய்ந்திருந்தால்தான் அதற்குத் தாகம்" என்றார். "இதை முன்னமே சொல்லக்கூடாதா?" என்றோம். "என்னை யார் கேட்டீர்கள்?" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழியில்லை.

அவர் சொன்னதன் உண்மை இது. கடும் வெயிலில் இலை விடும் ஆவிக்கு ஈடாக வேர் நீரைத் தர இயலாதபோது, மண்ணில் ஈரம் போதிய அளவு இருந்தாலும் இலை தொங்கும். மாலையில் அது தானே நிமிரும். விடியற்காலையிலும் நிமிராத செடியே நீரற்றது. அதனை அறியாது உச்சியில் ஓடிச்சென்று நீரை நிரப்பினால் மண்ணின் துளைகளிலுள்ள காற்று வெளியேறுகின்றது. வேர் மூச்சுவிட வழியின்றி அழுகுகின்றது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. செடி மேலும் வாடும். யாமோ மேலும் நீர் விடுவோம். சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தால் மடியும். வேரழுகிய செடியில் சுண்ணாம்பும் ஏறாதாகையால் காயின் நுனியும் கறுக்கும். ஆக, நீர் மிகினும் குறையினும் காய்க்கு நேரும் கேடு ஒன்றே.

எத்தனை நாளுக்கொருமுறை நீர் பாய்ச்சுவது என்று கேட்பீர்கள். மணற்பாங்கான மண்ணில் கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கொருமுறையும், களிப்பான மண்ணில் ஏறக்குறைய வாரம் ஒருமுறையும் என்பது பொதுக்கணக்கு. கணக்கைக் காட்டிலும் கை மேலானது. களைக்கொட்டால் செடியருகில் நான்கு விரல் ஆழம் கிளறி, அம்மண்ணை உள்ளங்கையிற் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டால் பொறுக்கலாம். உதிர்ந்தால் அன்றே விடவேண்டும். நாற்றைப் பாரின் பக்கத்தில் நட்டுச் சாலில் நீர் விடுக. தண்டைச் சுற்றி நீர் தேங்குதல் ஆகாது. பாரின்மேல் வைக்கோலையோ நிலக்கடலைத் தொட்டியையோ நான்கு விரல் கனம் பரப்பினால், மண் ஒரே சீராக ஈரமாயிருக்கும். வேரும் வெந்து போகாது. மேற்கு வரப்பில் அகத்தி வைத்தால் பிற்பகல் வெயிலின் கடுமை தணியும்.

சொட்டுநீர்ப் பாசனம் எல்லாவற்றினும் சிறந்தது; நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைப்பதே மிளகாய்க்கு வேண்டுவது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியமும், மற்றையோருக்கு 75 விழுக்காடும் தரப்படுகின்றன. நம்மவரில் இதனை அறிந்தும், கிராம அலுவலகத்திற் சான்று வாங்க அலைய வேண்டுமே என்று விட்டவர் பலர். சங்கத்தில் வேலையின்றியிருக்கும் இளைஞர்கள் இருவர் அவ்வலைச்சலை ஏற்றுக்கொண்டால், ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடுவதினும் அது பெரிய உதவியாகும்.

இனி மாடித் தோட்டத்தார். காரியதரிசியவர்களின் மாடியை யாம் நேரிற் சென்று பார்த்தோம். வேலைநாட்களில் மாலையில் ஒரு குடம். ஞாயிற்றுக்கிழமை அன்பு மிகுந்து மும்முறை. குடும்பத்தோடு திருப்பதி சென்ற மூன்று நாளும் ஒன்றுமில்லை. இஃதன்றி, பைகள் கருநிறத்தன. தரையோ சுண்ணாம்புத் தளம். சித்திரை வெயிலில் பையைத் தொட்டால் கை சுடுகின்றது. ஒரு சாண் ஆழமுள்ள மண் அவ்வெயிலுக்கு ஒரு பகலிற் காய்ந்துவிடும். ஆதலின் மாடியிற் கோடைக்காலத்தில் நாள்தோறும் விடியலில், அடித்துளையில் நீர் கசியுமட்டும் விடவேண்டும்; அக்கினி நட்சத்திரத்தில் மாலையிலும் சிறிது வேண்டும். வெளியூர் செல்வோர் அண்டைவீட்டாரிடம் சாவியோடு செடியையும் ஒப்படைத்துச் செல்க. பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, மேலே நிழல்வலை கட்டினால் பாதித் தொல்லை தீரும்.

மற்றொரு காரணம் பலர் அறியாதது. பைகளை நிரப்பும் தென்னைநார்க் கழிவு கழுவப்படாததாயின், அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். அது அவற்றை வெளிவிட்டு, வருகின்ற சுண்ணாம்புச் சத்தைத் தான் பற்றிக்கொள்ளும். நீர் சரியாக விட்டும் காய் கறுக்கின்ற வீடுகளில் இதனை ஐயுறுக. இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே அதனைப் பயன்படுத்துக. மண்ணும் தொழுவுரமும் சரிபாதி கலந்துகொள்க. யூரியாவை அள்ளி வைப்பதும் தீங்கே. இலை கொழுத்து நீரையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும், அமோனிய உப்புக்கள் சுண்ணாம்பு வேரில் ஏறுவதையும் தடுக்கும். முட்டையோட்டை நசுக்கிப் போடும் வழக்கத்தைக் குறித்துத் தாய்மார் சிலர் கேட்டனர். அதனால் தீங்கில்லை. ஆனால் அது கரைவதற்குப் பல மாதங்களாகும். இன்று கறுத்த காய்க்கு அது மருந்தாகாது. கறுத்த காயை எம்மருந்தும் பழையபடி ஆக்காது. அதனைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்த பூவிற்கு நீரைச் சீர்ப்படுத்துவதே வழி.

இதுகாறும் கோடை அழுகலைச் சொன்னோம். மழைக்காலத்து அழுகல் முற்றிலும் வேறு. அது மெய்யாகவே பூஞ்சை நோய். சைதாப்பேட்டையில் நடந்துவந்த விவசாயப் பள்ளி 1906-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. 1913-ஆம் ஆண்டில், அதே கோயம்புத்தூரிற் கிடைத்த மிளகாயிலிருந்தே இப்பூஞ்சையைச் சிடோ என்னும் ஜெர்மானிய அறிஞர் முதன்முதல் விவரித்துப் பெயரிட்டார். பின்னர்க் கொல்லெட்டோட்ரிக்கம் என்னும் இனத்தில் அதனைச் சேர்த்தனர். பழ அழுகல், நுனிக்கருகல் என்று நம் பயிர்நூல்கள் சொல்வது இதனையே.

இதன் அடையாளம் தெளிவானது. நுனியில்தான் வருமென்பதில்லை, காயின் எப்பக்கத்திலும் வட்டமாக, உட்குழிந்து, வளையத்துள் வளையமாகப் படரும். அவ்வளையங்களில் ஊசிமுனை போன்ற கரும்புள்ளிகள் இருக்கும். பச்சைக்காயைவிடச் சிவந்த பழத்தையே மிகுதியாகப் பற்றும். கிளைகளும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகும். நம் பக்கத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. இந்நோய்க்கும் அதுவே திருவிழாக்காலம். மழைத்துளி நோயுற்ற பழத்தின்மீது தெறித்து வித்துக்களை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும். அவ்வேலையை மழை செய்யாத நாளில் யாமே செய்கின்றோம். எங்ஙனமெனின், பூவாளியால் தலைமேல் நீர் தெளிப்பதாலும், ஈரச் செடியிற் கை வைத்துக் காய் பறிப்பதாலும். ஆகவே எக்காலத்தும் வேரடியில் மட்டும் நீர் விடுக. மாலையில் இலை நனைய விடற்க. பழுத்தவற்றைச் செடியில் விட்டுவைக்காமற் பறித்துவிடுக. வளையம் விழுந்தவற்றைத் தோட்டத்திலேயே எறியாமற் புதைத்துவிடுக.

இந்நோய் விதையினுள்ளும் தங்கும். மார்கழி மழையில் நனைந்த பழத்தை மலிவென்று விதைக்கு வைப்போர் அடுத்த ஆண்டுக்கு நோயையும் சேர்த்தே வைக்கின்றனர். குற்றமற்ற பழத்தின் விதையை எடுத்து, ஒரு கிலோவிற்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நன்று. நோய் கண்டபின் லிட்டர் நீருக்கு மாங்கோசெப் 2 கிராமாவது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராமாவது கலந்து, பதினைந்து நாள் இடைவிட்டு மும்முறை தெளிப்பர். இம்மருந்து இந்த அழுகலுக்கே உரியது. கோடை அழுகலுக்கு இதைத் தெளித்தால் பணமும் போகும், பிள்ளைகள் உண்ணும் காயில் நஞ்சும் சேரும். தெளித்தபின் எத்தனை நாள் பறிக்கலாகாது என்பது டப்பாவின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படிப்பதற்குப் பள்ளிப் பிள்ளையையாவது கூப்பிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வளையம் விழுந்த பழத்தையும், உள்ளே பூசணம் பூத்த பழத்தையும், "காய்ந்தால் தெரியாது" என்று நல்ல பழத்தோடு ஒரே பாயில் உலர்த்தாதீர்கள். அரைத்தபின் தெரியாதென்பது மெய், வயிற்றுக்குத் தெரியும்.

வேறிரண்டு உண்டு, சுருங்கச் சொல்வோம். வெயில் படும் பக்கத்தில் மட்டும் காகிதம்போல் வெளுத்துத் தோன்றுவது வெயிற்சூடு. இலை உதிர்ந்த செடியில் மிகுதியாகும். நிழலே அதற்கு மருந்து. காயிற் சிறு துளையிருந்து உள்ளே நீராய் நாறுமாயின் அது காய்ப்புழுவின் வேலை. ஐயம் நேர்ந்தால் திரூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையம் இருக்கின்றது. காயைப் பறித்துக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள், எம்மிடம் கொண்டுவரவேண்டா.

இம்மேசைமேல் நான்கு தட்டுகள் வைத்திருக்கின்றோம். எண் மட்டும் எழுதியிருக்கின்றோம், பெயர் எழுதவில்லை. கூட்டம் கலைந்தபின் அனைவரும் அருகே வந்து, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, எது எவ்வழுகல் என்று நீங்களே சொல்லவேண்டும். மூன்றாம் தட்டு காரியதரிசியவர்களின் மாடியிலிருந்து வந்தது. இதனை வெளியிட்டமைக்காக அவர்கள் பொறுத்தருள்க. நான்காம் தட்டிலுள்ள பஜ்ஜி மிளகாயில் அழுகல் இல்லை. அவை எம் தம்பியார் இப்போது குடியிருக்கும் அம்பத்தூர் வாடகை வீட்டின் மாடியில், ஆறு பைகளிற் காய்த்தவை. அவரும் வந்திருக்கின்றார், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றார். நீர் விடும் முறையில் ஐயமுள்ளோர் அவரையே கேட்கலாம்.